அட்டை பாயுமா? சூரியகந்த மழையில் எழுந்த ஓர் ஐயமும் அதன் தீர்வும்

வரிப்பத்தான்சேனையில் அட்டை தெரியாத ஆள் கிடையாது. வயலில் இறங்கினவனுக்கும் இறக்காமக் குளத்தில் குளித்தவனுக்கும் அதன் வழுக்கல் நன்றாகப் பழக்கம். ஆனால் அது நீரட்டை. நீந்தி வரும், வந்த வழி தெரியும். மழைக்காட்டில் இருப்பது வேறு இனம், தரையட்டை. பசி நேரத்தில் ஈர்க்குத் துண்டு அளவுதான் இருக்கும். பின்வாயை இலையில் ஊன்றி எழுந்து நின்று, முன்வாயைக் காற்றில் ஆட்டி ஆட்டி, ஆளின் சூட்டையும் மூச்சையும் தேடும். அது எந்த வழியால் மனித உடம்புக்கு வந்து சேருகிறது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட வினா. முன்னோர் இதை ஆய்ந்து முடித்துவிட்டதாக எண்ண வேண்டாம். அறுநூற்றுச் சொச்சம் வருடமாக இழுபடும் வழக்கு இது.

ஆய்வுக்களம், வாடகைக்குப் பிடித்த ஒரு ஹயஸ் வேன். ஆய்வுக்குட்பட்டோர் பதினான்கு பேர், ஓட்டுநர் நீங்கலாக. காலம், ஜூன் மாதம். சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டு சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய, தணமல்வில, எம்பிலிப்பிட்டிய என்று போகிற வரைக்கும் வெயில்தான். இறக்குவானையைத் தாண்டி தெனியாயப் பாதையில் ஏறத் தொடங்கியதும் மழை பிடித்தது. வைப்பர் ஓடியும் கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. பிள்ளைகள் வியந்தார்கள்: "ஊருல கச்சான் காத்து, இஞ்ச மட்டும் எப்பிடி மழை?" இரண்டும் ஒரே காற்றுத்தான். தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து சுமந்து வரும் நீரையெல்லாம் சிங்கராஜா மலைச்சரிவில் இறக்கிவிட்டு, வெறுங்கையோடு மலை தாண்டி வந்து எங்கள் தென்னோலைகளை ஆட்டுகிறது. அங்கே அதற்குப் பருவமழை என்று பெயர், நமக்குக் கச்சான். அந்தக் காடு 1988 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. நாங்கள் பார்த்ததோ முன்னால் போன லொறியின் சிவப்பு லைட்டும் பனிமூட்டமும் மட்டுமே.

சூரியகந்தவுக்குக் கிட்ட, பாதை தெரியவில்லை என்று ஓட்டுநர் ஒரு தேத்தண்ணிக் கடையடியில் வேனை நிறுத்தினார். பன்னிரண்டு பேர் இறங்கினோம். மாமா இறங்கவில்லை, முழங்கால் வருத்தம் என்றார். கண்ணயர்ந்த மாமியும் அவரோடு இருந்துவிட்டார். முக்கால் மணித்தியாலம் கழித்து வேன் புறப்பட்டு இரண்டு வளைவு தாண்டியிருக்கும், மாமாவின் வெள்ளைச் சாரனில் கரண்டைக்கு மேலே காசளவு சிவப்பு. அது பரந்துகொண்டே போனது. அட்டை குடித்து முடித்து, திராட்சைப் பழம்போல் வேன் தரையில் உருண்டு கிடந்தது. இரத்தம் நிற்காததற்குக் காரணம் உண்டு: அட்டையின் வாயில் இரத்தத்தை உறையவிடாத பொருள் இருப்பதை ஜோன் ஹேக்ராஃப்ட் 1884 இல் கண்டறிந்தார். மாமிக்கு ஹேக்ராஃப்ட் ஒரு பொருட்டில்லை. அவருடைய கேள்வி வேறு.

"இஞ்சாருங்க, நீங்க எறங்கவே இல்லையே. இது எப்பிடி வந்த?"

"மேலால பாஞ்சது. சட்டர் தொறந்து கிடந்திச்சில்ல" என்றார் மாமா.

இங்கேதான் ஆய்வுலகம் இரண்டாகப் பிரிகிறது. பாய்ச்சல்வாதிகளின் முதல் சான்று இப்னு பதூதா. 1344 இல் புத்தளத்தில் இறங்கி, பாவா ஆதம் மலைக்குப் போன வழியில் பறக்கும் அட்டையைக் கண்டதாகவும், ஆள் கிட்டப் போனால் அது பாய்ந்து ஒட்டிக்கொள்வதாகவும் அவர் எழுதி வைத்திருக்கிறார். மறுபக்கம் ரொபர்ட் நொக்ஸ். 1660 இல் கொட்டியாரத்தில் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது வருடம் கிடந்து, 1681 இல் நூல் வெளியிட்டவர். அவருடைய அட்டை காலில் ஏறுமே தவிரப் பாயாது. வழிப்போக்கனைவிட, அத்தனை வருடம் கடி வாங்கினவரின் பேச்சே எடுபடும் என்று நான் நம்பியிருந்தேன். 2024 இல் நிலைமை மாறியது. மடகாஸ்கர் காட்டின் தரையட்டை ஒன்று படமெடுத்த நாகம்போல் பின்னால் வளைந்து, இலையிலிருந்து துள்ளிப் பாயும் காட்சியை ஆய்விதழ் ஒன்று வெளியிட்டது. இப்னு பதூதாவின் கை ஓங்கிவிட்டது.

மருந்தில் மட்டும் இரண்டு பேரும் ஒரே கட்சி. இப்னு பதூதா தேசிக்காயைப் பிழி என்கிறார். நொக்ஸ் தேசிக்காயும் உப்பும் துணியில் முடிந்து தடியில் கட்டித் தட்டு என்கிறார். எங்கள் வேனில், வளைவில் வாந்தி வராமலிருக்க மணந்து பார்க்கவென்று மாமி கொண்டுவந்த தேசிக்காய் ஒன்று இருந்தது. அதைக் கடித்த இடத்தில் தேய்த்தபோது மாமா போட்ட சத்தத்துக்கு எந்த நூலிலும் குறிப்பில்லை.

இனிக் களச்சான்றுகள். மேலால் பாய்ந்த அட்டை கழுத்திலோ தோளிலோ விழ வேண்டும். இது கடித்ததோ கரண்டைக்கு மேல் நான்கு விரல் தூரத்தில். மாமாவின் செருப்பில் செம்மண் சேறு ஈரமாக இருந்தது. தேத்தண்ணிக் காசு கொடுத்தவன் நான். பன்னிரண்டு பேர் குடித்ததற்குக் கடைக்காரர் பதின்மூன்று பிளேன்டீயும் ஒரு சீனிப் பணிசும் கணக்குச் சொன்னார். மாமாவுக்குச் சீனி வருத்தம் வந்து எட்டு வருடம். தண்ணீர்த் தொட்டிப் பக்கமாகக் கடையின் பின்கதவு ஒன்று இருந்ததும், அந்த வழி முழுக்கப் புல் வளர்ந்து கிடந்ததும் பிறகு நினைவுக்கு வந்தன.

ஆய்வாளன் தன் நலன்களை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது மரபு. எங்கள் பக்க வழக்கப்படி நான் குடியிருக்கும் வீடு மாமா மகளுக்குக் கட்டிக் கொடுத்த வீடு. வேனுக்கு டீசல் அடித்ததும் அவரே.

மாமி பின் சீட்டுக்குத் திரும்பினார். "மருமகன், நீங்க படிச்ச ஆள். சொல்லுங்க, அட்டை பாயுமா?"

"பாயும் மாமி. இப்னு பதூதாவே எழுதியிருக்காரு. இப்ப வீடியோவும் எடுத்திருக்காங்க."

மாமா ஒரு நீள மூச்சு விட்டு யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார். மாமி கையை நீட்டி அவருடைய தாடியில் ஒட்டியிருந்த வெள்ளைப் பருக்கைகளை விரலால் தட்டிவிட்டார்.

"அப்ப இந்தச் சீனியும் பாஞ்சுதான் வந்த?"