சங்கரநாராயண பட்ஜெட்

அரியும் அரனும் ஓருருவாய்க் காட்சி தர வேண்டுமென்று கோமதியம்மன் தபசு நின்ற சங்கரன்கோவிலில், ஆக்வொர்த் கமிட்டியின் சிபாரிசால் 1924-இல் பொது நிதியினின்று பிரிந்த ரயில்வே பட்ஜெட், 2017-இல் மறுபடியும் அதனோடு ஐக்கியமான தத்துவத்தை யாரும் உபந்யாசம் செய்து விளக்க வேண்டியதில்லை. தபசு மட்டும் பிரயாணிகளின் பாகத்துக்கு வந்தது.

2023-24 கணக்கின்படி, 100 ரூபாய் ஈட்ட 98 ரூபாய்க்குச் சற்று மேல் செலவழித்த இலாகா, எஞ்சிய சில்லறையை உபரியென்று கௌரவமாக எழுதிக்கொண்டது. 2023-இல் வெளியான அம்ருத் பாரத் திட்டத்தில் புனரமைக்கும் நிலையங்களின் ஜாபிதாவில் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி எல்லாம் இடம்பெற, அதே பாதையில் இடையே கிடக்கும் நம்மூர் விடுபட்டது, ஸ்தலத்தின் வைராக்கியத்துக்கு இலாகா காட்டிய மரியாதையாகவே இருக்க வேண்டும்.

சென்னை செல்லும் பொதிகை ரயில் என்னவோ இங்கே நிற்கிறது. காத்திருப்போர் பட்டியல் டிக்கெட்டோடு, கோயில் புற்றுமண் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, பொதுப்பெட்டியின் கதவோரம் ஒற்றைக்காலில் நின்றே எழும்பூர் சேரும் அம்மையாருக்கு, பிரயாணச் செலவில் சராசரியாக 57 சதவீதமே வசூலிக்கிறோம் என்று டிக்கெட்டிலேயே அச்சிட்டுக் கொடுத்த காலமும் உண்டு. மீதி 43 சதவீதம், உட்காரும் இடமாக இருக்கக்கூடும்.