முதல் வேலை மொய் நோட்டு

ஆடியில் கல்யாணம் கிடையாது. மண்டபங்களுக்கு மட்டும் ஓய்வில்லை. புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலம், வடகாடு பக்கம் அப்போதுதான் மொய் விருந்து களைகட்டும். மொய்ப் பணம் வாங்குவதற்கென்றே நடக்கும், பெண்ணும் மாப்பிள்ளையும் இல்லாத இந்த விசேஷத்துக்குப் பத்திரிகை உண்டு, ஃபிளெக்ஸ் உண்டு, ஆட்டுக்கறிச் சாப்பாடு உண்டு, செலவைப் பங்குபோடப் பல வீட்டார் உண்டு.

கல்யாணச் செலவுக்கும் அந்த மொய்யைத்தான் நம்புவார்கள். ஆக, இங்கே வரன் பார்க்கத் தொடங்கினால் பஞ்சாங்கத்துக்கு முன்னால் புரட்டப்படுவது மொய் நோட்டு. யாருக்கு எவ்வளவு செய்தோம், எது நிலுவை என்று விரல் வைத்துத் தேடுவார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னைகளைச் சாய்த்தது. நோட்டில் ஒரு வரியும் சாயவில்லை.

ஒரு வீட்டுக்கு 5 வருஷத்துக்கு ஒரு விருந்து என்பது வழக்கம்.

"நம்ம முறை எப்பங்க?"

"அடுத்த ஆடி."

"அப்ப கல்யாணத்த ஆவணியில வச்சுக்குவோம்."

குரு பலன் இந்தத் தையிலேயே வந்துவிடுகிறதே என்கிறார் ஜோசியர். அவரும் போன விருந்தில் சாப்பிட்டவர்தான், மேற்கொண்டு பேசவில்லை.