குத்துறவன் ஒருத்தன், முத்திரை குத்துறவன் ஒருத்தன்

இன்னா நைனா, கணியம்பாடி பஸ் ஸ்டாப்புல நின்னுகினு காத்தைக் குத்திகினு கீற? காத்து உன்னை இன்னா பண்ணுச்சு? வா, இப்டி உக்காரு. ரெண்டு டீ சொல்லு. வருங்கால ஒலிம்பிக் வீரன் வாங்கித் தந்த டீன்னு நாளைக்கு நானும் நாலு பேருகிட்ட அளக்கணுமில்ல?

அந்தக் கிளவுசைக் கொண்டா. அடப்பாவி, ரெக்ஸின்! ஆம்பூரு, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைன்னு சுத்துப்பட்டு பூரா தோல் வாடை. நீ ரெக்ஸினைப் போட்டுகினு சண்டைக்குப் போறியா? முப்பது வருசம் டேனரியில சுண்ணாம்புத் தொட்டி பக்கத்துல நின்ன கட்டை இது. நல்ல தோலைக் கட்டை விரலால அமுக்குனா மெதுவா அமுங்கி மெதுவா எழும்பும். இது கீச்சுன்னு அழுவுது பாரு.

பேரு வாங்கணுமா? அப்ப ஒலிம்பிக்குக்கு மட்டும் போயிடாத. நம்ம தமிழ்நாட்டு வி. தேவராஜன் 1992ல பார்சிலோனா போனாரு. 1994ல பாங்காக் உலகக் கோப்பையில வெண்கலம். 1995ல அர்ஜுனா விருது. இந்தக் கடையில கேளு, "எந்த தேவராஜன், ரேசன் கடைக்காரரா?"ம்பானுங்க. கபிலன் யாருன்னு கேளு! 2021ல வந்த 'சார்பட்டா பரம்பரை'யில ஆர்யா கபிலனா வந்து விட்ட குத்தை ரவுண்டு ரவுண்டா ஒப்பிப்பானுங்க.

இதுல இன்னா அதிசயம்? ஆம்பூர்ல நம்ம பொண்ணுங்க கழுத்து வலிக்கக் குனிஞ்சு தைக்கிற ஷூவுல எவன் பேரு கீது? வெளிநாட்டான் பேரு. குத்துறவன் ஒருத்தன், முத்திரை குத்துறவன் ஒருத்தன்.

முகமது அலி கெட்டிக்காரரு. 1960ல ரோம்ல தங்கம் வாங்குனாரு. அப்பறம் "நான்தான் பெரியவன்"னு தன் முத்திரையைத் தானே குத்திகினாரு. 1980ல மெட்ராஸ் நேரு ஸ்டேடியத்துல ஜிம்மி எல்லிஸோட சும்மா வெளையாட்டுக்குக் குத்துனாரு. அதையே இன்னும் பேசிகினு கீறோம்.

நீயும் கத்தலாம். ஆனா உன் வாய்க்கு முன்னாடி உன் தொப்பை வந்து நிக்குதே! தேவராஜன் குத்துனது 54 கிலோ பிரிவுல. நீ ராத்திரி உள்ள தள்ளுற பிரியாணியே அதுல பாதி இருக்கும்.

ஒரு தோலு ஷூ ஆவறதுக்கு எத்தினி தொட்டி ஏறி எறங்குது? ஊறணும், சுண்ணாம்புல வேவணும், மயிரு வழிக்கணும், சதை செதுக்கணும், அப்பறம்தான் பதம். மொத தொட்டியிலயே நின்னு செல்பி எடுத்த தோலை நான் பாத்ததில்ல.

போ, மொதல்ல நல்ல தோலு கிளவுசு வாங்கு. அதுக்கு முன்னாடி, உன் செல்லுல அந்த தேவராஜன் போட்டோவைத் தேடிக் காட்டு. இவ்ளோ பேசிட்டேன்; ஆர்யா மூஞ்சி தூக்கத்துலயும் தெரியுது, அந்த மனுசன் மூஞ்சி எனக்கே தெரியாது.