மூன்று ஐந்து

சுங்கைப் பட்டாணிப் புத்தகக் கடையில் இப்போது நாட்குறிப்புக்குத் தனி அலமாரி. கெட்டி அட்டை, பட்டு நாடா, பக்கத்துக்குப் பக்கம் ஒரு கேள்வி: ‘இன்று எதற்கெல்லாம் நன்றி சொல்கிறீர்கள்?’ என் மகள் ஒன்று வாங்கினாள். நன்றி ஜனவரி பாதியிலேயே தீர்ந்துவிட்டது. எழுதினால் மனப்பாரம் குறையும் என்பது அவள் கட்சி. பொய்யில்லை. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர், மாணவர்களை மனத்தை அரிப்பதைத் தினம் கால்மணி நேரம், நான்கு நாள் எழுத வைத்தார். அவர்கள் மருத்துவரைத் தேடிப் போவது பிறகு குறைந்தது என்று 1986இல் எழுதினார்.

பீடோங் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் அப்பாவுக்கு வாய்த்தது 555 நோட்டு. சீனர் கடைக் கடன் எழுதவென்றே பிறந்தது, சட்டைப்பையில் அடங்கும்.

‘காலை 6.40 மழை. வெட்டு இல்லை. கடை: சீனி, கருவாடு. பாக்கி 3 வெள்ளி 20 காசு.’

மனத்தை அரித்தது எல்லாம் இதற்குள் அடக்கம்.

பட்டை நனைந்தால் பால் கோட்டில் இறங்காமல் மரமெங்கும் வழியும், சீவ முடியாது. அந்த நாளை யார் எப்படி எழுதுகிறார்கள் என்பதில்தான் சம்பளம். கணக்கெழுதும் கிராணியாருக்குச் செக்ரோல் என்ற ஆள்பதிவேடு, அப்பாவுக்கு 555. ஒரு மாதம், அப்படியொரு மழைநாளில் காலை ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனவரையே வரவில்லை என்று போட்டிருந்தார்கள். அப்பா சண்டைக்குப் போகவில்லை. நோட்டை விரித்தார். அன்று எந்த நிரை, எத்தனை மணிக்கு மழை, மண்டோர் என்ன சொல்லித் திட்டினார், எல்லாம் இருந்தது. திட்டை மண்டோரால் மறுக்க முடியவில்லை. சம்பளம் வந்தது. மன அமைதியும் வந்திருக்கலாம். அதற்கு அப்பா வரி ஒதுக்கவில்லை.

தாத்தாவிடம் நோட்டு இல்லை. ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பியவர், எழுத்துத் தெரியாது. அங்கே கைதியாயிருந்த ஆஸ்திரேலிய மருத்துவர் எட்வர்ட் டன்லப் ஒளித்துவைத்து எழுதிய நாட்குறிப்பு, அதே 1986இல் புத்தகமானது. அதே பாதையில் மண் சுமந்த தோட்டத் தமிழர்களில் எத்தனையோ ஆயிரம் பேருக்குச் செத்த தேதிகூட இல்லை.

தோட்டம் வீடமைப்புத் தாமான் ஆகிவிட்டது. எனக்கு இனிப்புநீர். கிளினிக்கில் தினமும் சர்க்கரை அளவைக் குறிக்கச் சொன்னார்கள். சட்டைப்பைக்கு ஒரு 555 வாங்கினேன். டாக்டர் பிள்ளை புரட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றது.

“அங்கிள், தைப்பூசத்தன்னிக்கு ஏன் இவ்வளவு ஏறிருக்கு?”

பதில் அடுத்த வரியிலேயே இருந்தது: ‘கேசரி. இரண்டு தடவை.’