சிவப்புத் தரையில் விழுந்த எஞ்சின்

மேசையிலிருந்து ஒரு பொருள் விழுந்து தரையைத் தொட அரை நொடிகூட ஆகாது. ஆனால் 1966ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், பொன்மலை ரயில்வே காலனியில் எங்கள் குவார்ட்டர்ஸின் முன்னறையில், கறுப்புக் குட்டி எஞ்சின் ஒன்று வளைவில் தண்டவாளத்தை விட்டு எகிறி, மேசை விளிம்பைத் தாண்டி, தலைகீழாகப் புரண்டு சிவப்புச் சிமெண்ட் தரையை நோக்கிப் போன அந்த அரை நொடி எனக்குள் இன்னும் முடியவில்லை. எனக்கு அப்போது பத்து வயது. கன்ட்ரோலரின் கைப்பிடியைக் கடைசிவரை திருப்பினால் என்ன ஆகும் என்று பார்க்கும் ஆசை அந்த வயதுக்கு உரியது. நீங்களும் எதையாவது போட்டு உடைத்திருப்பீர்கள்: அப்பாவின் கைக்கடிகாரமோ, மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த டிரான்சிஸ்டரோ. விழுந்த சத்தத்துக்கும் அடுக்களையிலிருந்து ‘என்னடா அது?’ என்று குரல் வருவதற்கும் நடுவே வீடு மூச்சை நிறுத்திக்கொள்ளுமே, அது உங்களுக்கும் நினைவிருக்கும்.

அந்த எஞ்சின் எங்கள் வீட்டுக்கு வந்ததே ஒரு பிரிவில்தான். எதிர் வரிசையில் குடியிருந்த ஆங்கிலோ இந்திய டிரைவர் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தது. அந்த ஆண்டுகளில் காலனியில் இப்படி வீடுகள் அடிக்கடி காலியாகும். கிராமஃபோனும் பிரம்பு நாற்காலியும் ரோஜாத் தொட்டிகளும் வாசலில் விலைக்கு நிற்கும். அந்த அங்கிள் ஒரு நீல அட்டைப்பெட்டியை மட்டும் விற்காமல், கையில் ஏந்தித் தெருவைக் கடந்து வந்து, திண்ணையில் உட்கார்ந்திருந்த என் மடியில் வைத்தார். அவருடைய பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்களாம். ‘ஓட்டு, சும்மா வெச்சுப் பாக்காதே’ என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

உள்ளே இருந்தது லிவர்பூலில் பின்ஸ் ரோடு தொழிற்சாலையில் செய்த ஹார்ன்பி டப்ளோ பொம்மை ரயில். அந்த வரிசை 1938இல் கடைக்கு வந்தபோது, எந்த மனிதரின் பெயரைத் தாங்கி வந்ததோ அந்த ஃபிராங்க் ஹார்ன்பி இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. நிஜ எஞ்சினின் ஓர் அடிக்கு நான்கு மில்லிமீட்டர் என்று சுருக்கிய உருவம். தண்டவாளங்களுக்கு இடையே பதினாறரை மில்லிமீட்டர். நடுவில் மின்சாரத்துக்கென மூன்றாவதாக ஒரு தண்டவாளம். ஆறு பெரிய சக்கரங்கள், பின்னால் இரண்டு சின்னச் சக்கரங்கள், பக்கவாட்டில் 69567 என்ற எண். உடல் முழுக்கத் துத்தநாகக் கூட்டுலோக வார்ப்பு. உள்ளங்கையில் வைத்தால் எடைக்கல் போலக் கனக்கும். தரையில் விழுந்தபோது எழுந்த ‘ணங்’ என்ற ஓசையும் எடைக்கல் விழுந்த ஓசைதான்.

எஞ்சினைப் பழைய வேட்டித் துண்டில் சுற்றி டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். மூன்று நாள் அது அங்கே கிடந்தது. அப்பா அதைத் தேடவில்லை. ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவருக்குச் சத்தத்தைவிடச் சத்தம் இல்லாததுதான் முதலில் காதில் விழும். ‘ஏன்டா, மூணு நாளா வண்டி ஓடுற சத்தமே காணோமே, ஸ்டிரைக்கா?’ என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன். அவர் அடிக்கவில்லை. ‘ஞாயித்துக்கிழமை பாப்போம்’ என்றார். நாகப்பட்டினத்திலிருந்து தென்னிந்திய ரயில்வேயின் பட்டறை 1928இல் பொன்மலைக்கு வந்த நாள்முதல் எங்கள் ஊருக்குச் சங்குதான் கடிகாரம். சங்கு ஊதாத ஒரே நாள் ஞாயிறு.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியத்தை நான் முழுசாக வைத்திருக்கிறேன். சந்தையிலிருந்து வந்த காய்கறி இன்னும் பையிலேயே இருந்தது. தரையில் செய்தித்தாளை விரித்து, திருகாணிகள் உருண்டு போகாதிருக்க அம்மாவிடம் தாம்பாளம் கேட்டு வாங்கி, அப்பா சம்மணமிட்டு உட்கார்ந்தார். நான் கன்ட்ரோலர் வயரை எடுத்துக்கொண்டு ஓடினேன். ‘கரண்ட் கொடுக்காதே’ என்று கையைத் தடுத்தார். விழுந்த ஆளை உடனே எழுந்து ஓடச் சொல்வார்களா என்றார். பிறகு கட்டைவிரலால் சக்கரத்தை மெல்லத் தள்ளினார். கொஞ்சம் சுற்றியது, நின்றது. திரும்பத் தள்ளினால் அதே இடத்தில் நின்றது. எஞ்சினைக் காதருகே வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, இன்னொரு முறை.

அடுத்து அவருக்குச் சமதளமான ஒரு பொருள் வேண்டியிருந்தது. வீட்டில் கோணாத சமதளம் கண்ணாடி ஒன்றுதான். முருகன் படத்தின் சட்டத்தைக் கழற்றிக் கண்ணாடியை உருவினார். அம்மா ஒன்றும் சொல்லாமல் படத்தை மட்டும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். கண்ணாடிமேல் எஞ்சினை வைத்து மூலைகளை ஒவ்வொன்றாக விரலால் அழுத்தினார். அது ஆடவில்லை. ‘அடிச்சட்டம் கோணல, பொழச்சுக்கும்’ என்றார்.

மோட்டாரைத் திறந்தபோது அவர் செய்த ஒரு காரியத்தின் அருமை எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. காந்தத்தின் நடுவிலிருந்து ஆர்மேச்சரை உருவுவதற்கு முன்பே, ஒரு தடித்த ஆணியைக் காந்தத்தின் இரு முனைகளுக்கும் குறுக்காக ஒட்டவைத்தார். அந்தக் காலத்துக் காந்தத்தை இரும்பு எதுவும் சேராமல் திறந்து வைத்தால் அதன் பலம் குறைந்துவிடும். பிறகு எஞ்சின் சோர்ந்துதான் ஓடும். கார்பன் பிரஷ்களைத் துடைத்தார். செப்புத் தகடுகளைப் பெட்ரோல் தொட்ட துணியால் ஒற்றினார். தையல் மெஷின் எண்ணெயை ஊசிமுனையில் ஒரு சொட்டு எடுத்து அச்சின் காதில் வைத்தார். இரண்டாம் சொட்டுக்கு நான் ஆசைப்பட்டேன். எண்ணெய் அதிகமானால் அழுக்கைக் கூப்பிடும் என்றார்.

சக்கரம் ஓரிடத்தில் முட்டி நின்றதற்குக் காரணம் அதற்கும் பிறகுதான் கிடைத்தது. விழுந்த அடியில் கடைசிச் சக்கரம் அச்சின்மேல் மயிரிழை அளவு சுழன்றுவிட்டிருந்தது. சக்கரங்களை இணைக்கும் தண்டு ஒரு பக்கம் போகச் சொல்ல, மறுபக்கத் தண்டு மறித்தது. ‘கிராங்க் தப்பிப்போச்சு. ஒரு பக்கம் நின்னா மறுபக்கம் படுத்திருக்கணும்டா’ என்றார் அப்பா. எனக்கு விளங்கவில்லை. அன்று திருத்தியும் கொடுத்துவிட்டார். ஆனால் விளங்காததை அப்படியே விட்டுவிட அவருக்கு மனமில்லை. அந்த ஆண்டு ஆயுத பூஜைக்குப் பட்டறையைக் குடும்பங்களுக்குத் திறந்துவிட்டபோது, சந்தனமும் குங்குமமும் இட்டு, வாழைக்கன்று கட்டி நிறுத்தியிருந்த ஒய்.பி. வகை நீராவி எஞ்சினின் கழற்றிய சக்கர ஜோடி ஒன்றின் முன் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார். என்னைவிட உயரம். இடப்பக்கத்துக் கிராங்க் முள் மேலே நின்றது. மறுபக்கம் ஓடிப்போய்ப் பார்த்தேன். அங்கே அது கிடையாகப் படுத்திருந்தது. நேர் செங்கோணம். இரண்டு சிலிண்டரும் ஒரே நேரத்தில் உந்த முடியாத முனையில் மாட்டிக்கொண்டால் எஞ்சின் நின்ற இடத்திலிருந்து கிளம்பவே முடியாது. ஒன்று மாட்டினால் மற்றது தள்ள வேண்டும் என்பதற்குத்தான் இந்த ஏற்பாடு. என் பொம்மையில் நீராவியும் இல்லை, சிலிண்டரில் உந்துதலும் இல்லை. ஆனால் மூன்று அச்சுகளும் ஒரே கோணத்துக்கு உடன்பட்டால்தான் தண்டுகள் வழிவிடும். லிவர்பூல்காரன் செய்த உள்ளங்கை எஞ்சினுக்கும், எங்கள் ஊர்ப் பட்டறையில் கிரேனில் தூக்கும் எஞ்சினுக்கும் ஒரே நோய் வரும், ஒரே மருந்துதான் என்று தெரிந்துகொண்ட அந்த நிமிடம் போல ஒன்றைப் பிறகு நான் படித்த எந்த வகுப்பும் எனக்குத் தரவில்லை.

பின்பக்க நிலக்கரித் தொட்டியின் மூலையில் நெல்மணி அளவு ஒரு சில்லு உடைந்திருந்தது. அதற்கு ஈயப் பற்றவைப்பு ஆகாது. அந்த வார்ப்பு நானூறு டிகிரியை எட்டுவதற்குள் உருகி ஓடிவிடும். அப்பா அரால்டைட்டின் இரண்டு குழாயிலிருந்தும் துளித்துளி எடுத்துத் தீக்குச்சியால் குழைத்து ஒட்டி, மறுநாள்வரை யாரும் தொடக்கூடாது என்று அலமாரி உச்சியில் வைத்தார். ஒட்டிய கோடு தெரிந்தது. இப்போதும் தெரிகிறது.

டப்ளோ உற்பத்தி 1964இலேயே நின்றுபோயிருந்தது. பின்ஸ் ரோடு தொழிற்சாலையையும் 1979இல் மூடினார்கள். போருக்கு முந்தைய வார்ப்புகள் பலவற்றில் ஈயம் கலந்துபோனதால் அவை தாமாகவே வீங்கி, விரிசலிட்டு, பிஸ்கட் போல உதிர்கின்றன. அதற்கு வைத்தியமே கிடையாது. என்னுடையது போருக்குப் பிந்தியது, தப்பித்தது. வங்கி வேலையில் ஊர் ஊராக நான் மாறியபோதெல்லாம் அதுவும் உடன் வந்தது. எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் என் பழக்கம் தெரிந்தவர்கள், இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்த டாக்டர்கள், கப்பலில் போய்வந்தவர்கள், தங்கள் விழுந்த எஞ்சின்களைத் துணியில் சுற்றி எடுத்துவருவார்கள். வந்து உட்கார்ந்ததும் எல்லோரும் முதலில் சொல்வது ஒன்றேதான்: எந்த உயரத்திலிருந்து, யார் கையிலிருந்து.

போன மார்கழியில் என் பேரன் கையிலிருந்து. மான்செஸ்டரில் இருக்கும் மகன் கொண்டுவந்து கொடுத்த புது எஞ்சின். வேளச்சேரி ஃபிளாட்டின் சாப்பாட்டு மேசையிலிருந்து வழவழப்பான டைல்ஸ் தரைக்கு. அதன் அழகை மனதாரச் சொல்ல வேண்டும். என் டப்ளோவில் வெறும் மேடாக வார்த்திருந்த கைப்பிடிக் கம்பி இதில் முடி போன்ற நிஜக் கம்பி. படிகள், பிரேக் தண்டுகள், விசில், ஓட்டுநர் அறைக்குள் அழுத்தமானி முட்கள்கூட உண்டு. வயிற்றுக்குள் ஒரு சிப், அதன் கட்டளைக்கு நிஜ எஞ்சினின் பதிவுசெய்த மூச்சு. பத்து வயதில் இதைப் பார்த்திருந்தால் நான் தூங்கியிருக்கவே மாட்டேன். ஆனால் விழுந்தபோது ‘ணங்’ என்ற ஓசை இல்லை. சரசரவென்று அரிசி கொட்டிய சத்தம். அத்தனை உறுப்புகளும் தனித்தனியாகச் சிதறின.

பேரன் ஒளிக்கவில்லை. செல்போனில் படமெடுத்து அப்பாவுக்கு அனுப்பினான். மகன் கம்பெனிக்கு எழுதினான். அந்த உதிரி பாகம் தனியாகக் கிடைப்பதில்லை என்று பணிவான பதில் அன்றைக்கே வந்தது. எல்லாம் ஒரே மாலைக்குள். மூன்று நாள் பயந்து கிடக்கும் நேரம்கூட அந்தப் பிள்ளைக்கு வாய்க்கவில்லையே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. ‘வேற வாங்கிக்கலாம் தாத்தா’ என்று அவன் என்னைத் தேற்றினான்.

நான் தாம்பாளம் கேட்டேன். வாக்குவம் கிளீனரின் வாயில் பழைய துப்பட்டாத் துணியைக் கட்டித் தரை முழுக்க ஓட்டினோம். துணியில் விசில் ஒட்டியிருந்தது, ஒரு படி, இரண்டு கம்பிகள். சூப்பர் பசையின் ஆவி பட்டால் எஞ்சினின் ஜன்னல் வெளுத்துவிடும் என்பதால் ஜன்னலுக்கு ஃபெவிகால். பிளாஸ்டிக் உடலைத் திறக்க ஒரு திருகாணியும் கண்ணில் படவில்லை. எங்கே அமுக்கினால் விடும் என்று யாரோ எடுத்துப் போட்ட காணொளியைப் பேரன்தான் தேடிக் கண்டுபிடித்தான். இந்த வசதி என் அப்பாவுக்கு இருந்திருந்தால் எத்தனை ஞாயிறுகள் மிச்சமாகியிருக்கும். மிச்சமாக வேண்டாம் என்றும் தோன்றுகிறது. சக்கரத்திலிருந்து மின்சாரம் வாங்கும் தகட்டில் மயிரிழை வயர் ஒன்று விட்டுப்போயிருந்தது, அவ்வளவே. ஒரு பொட்டு ஈயம் வைத்தேன். என் கை நடுங்குகிறது என்று அவன் லென்ஸைப் பிடித்துக்கொண்டான்.

பிறகு கண்ணாடி. அலமாரியின் கண்ணாடித் தட்டை அவனே உருவிக்கொண்டு வந்தான். எஞ்சின் ஆடவில்லை. ‘உங்க எஞ்சினையும் இதே டிராக்ல விடலாமா?’ என்று கேட்டான். முடியாது, மூன்று தண்டவாளத்துக்குப் பிறந்த சக்கரங்கள் இரண்டு தண்டவாளத்தில் நின்றால் ஷார்ட் ஆகிவிடும். பரணிலிருந்து என் பழைய தகரத் தண்டவாளத்தை இறக்கித் துடைத்து, பக்கத்திலேயே வட்டம் போட்டோம். 69567 இரண்டு முறை முனகிவிட்டுக் கிளம்பியது. புதியது தன் பதிவுசெய்த மூச்சோடு அருகில் ஓடியது. பழையதற்கு மூச்சு கிடையாது. பல்சக்கரத்தின் கரகரப்பு மட்டும். இந்த முறை இரண்டு வட்டத்தையும் தரையிலேயே போட்டிருந்தோம்.

உங்கள் வீட்டுப் பரணிலும் என்றோ விழுந்து, அன்றே துணியில் சுற்றி வைத்துவிட்ட ஓர் எஞ்சின் இருக்கலாம். இறக்குங்கள். கரண்ட் கொடுக்காதீர்கள். முதலில் சக்கரத்தை விரலால் மெல்லச் சுற்றி, எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.