காக்காய்க்கு சீட்டு உறுதி

(கோவை கணபதியில் சொந்த வீடு. மாமனார் அன்னூர்ப் பக்கம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மாப்பிள்ளைக்கு லேத் பட்டறை. கையில் செல்போன், அதில் மேப்.)

மாப்பிள்ளை: மாமா, ரெண்டு தெரு தள்ளி ஒரு வீடு பார்த்துட்டனுங்க. வெள்ளிக்கிழமை பால் காய்ச்சறோம்.

மாமனார்: நல்லதுங்க மாப்ளே. இந்த ஊட்டுக்கு என்னாச்சு? செவுரு விட்டுப் போச்சுங்களா?

மாப்பிள்ளை: செவுரெல்லாம் நல்லாருக்குதுங்க. தூரந்தான் சரியில்லை. பையனுக்குப் பார்த்திருக்கற ஸ்கூல் இங்கிருந்து 1,110 மீட்டர். கல்வி உரிமைச் சட்டத்துல 25 சதவீத சீட்டு வேணும்னா ஒரு கிலோமீட்டருக்குள்ள குடியிருக்கோணுமுங்க.

மாமனார்: அடடா, நூத்திப்பத்து மீட்டர்ல போச்சுங்களே! பூசை ரூம் கிழக்கால தள்ளி இருக்குதே, அங்கிருந்து அளந்து பார்த்தீங்களா?

மாப்பிள்ளை: பார்த்தனுங்க. 1,102. காம்பவுண்டு செவுத்துல இருந்து 1,094. காக்கா பறக்கற கணக்குன்னா 940தான், ஆனா மேப்பு ரோட்டுக் கணக்குக் காட்டுதுங்க.

மாமனார்: அப்பக் காக்காய்க்கு சீட்டு உறுதிங்க. சரி, சாமான் செட்டெல்லாம் எப்பக் கொண்டு போறீங்க?

மாப்பிள்ளை: சாமான் எதுக்குங்க? அது லைன் வீடு, ஒரே ரூம். பால் மட்டுந்தான் காய்ச்சறோம். வாடகை ஒப்பந்தம், கேஸ் பில்லு, ஆதாரெல்லாம் அங்க. தூக்கம் இங்க.

மாமனார்: ஓஹோ, அட்ரஸ் மட்டும் குடி போகுது. அதுக்கு ஒரு தலகாணியாச்சும் கொடுத்து உடுங்க. ஆமா, நலிவடைஞ்ச பிரிவுன்னா வருமானம் ரெண்டு லட்சத்துக்குள்ள இருக்கோணுமே?

மாப்பிள்ளை: சர்டிபிகேட் வாங்கியாச்சுங்க. ஒரு லட்சத்து அறுபதாயிரம்.

மாமனார்: மாசத்துக்குங்களா?

மாப்பிள்ளை: வருசத்துக்குங்க மாமா!

மாமனார்: வாசல்ல நிக்கற காருக்குத் தவணை மாசம் பதினெட்டாயிரம்னு நீங்கதான் சொன்னீங்க. வருசத்துக்கு 2,16,000 ஆச்சு. சம்பாரிக்கறத விடக் கட்டற தவணை எச்சா இருக்குதுங்களே. எங்கிட்டப் படிச்ச பையன் இப்படிக் கணக்குப் போட்டிருந்தா பெஞ்சு மேல ஏத்தியிருப்பேன். மாப்ளையாப் போயிட்டீங்க.

மாப்பிள்ளை: உலகம் பூராவும் இப்படித்தானுங்க. அமெரிக்காவுல எங்க பெரியப்பா பையன் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் பார்த்துத்தான் வீடே வாங்குனான். கோட்டுக்கு இக்கட்ட ஒரு விலை, அக்கட்ட ஒரு விலை.

மாமனார்: அந்த ஸ்கூல் ஆருதுங்க?

மாப்பிள்ளை: கவர்மென்ட் ஸ்கூல்தானுங்க. ஃபீஸ் கிடையாது. சொத்து வரிக் காசும் அதுக்குத்தான் போகுது.

மாமனார்: அதுலயும் ஏழை பாழை கோட்டுக்கு அக்கட்டத்தான் நிக்கறான், அது வேற கதை. ஆனா அவிங்க கவர்மென்ட் பள்ளிக்கூடத்துக்குள்ள நுழையறதுக்கு ஊடு மாத்தறாங்க. நீங்க அதுகிட்ட இருந்து தப்பிக்க ஊடு மாத்தறீங்க. எதுத்தாப்ல இருக்கற மாநகராட்சிப் பள்ளிக்கூடம் எத்தனை மீட்டர்னு மேப்புல பார்த்தீங்களா?

மாப்பிள்ளை: அத அளக்கலீங்க.

மாமனார்: நாப்பது எட்டுங்க. காலைச் சாப்பாட்டுத் திட்டம் 2022-ல வந்துச்சு. கிச்சடியும் சாம்பாரும் வாசம் நம்ம ஹாலுக்கே வருது. அந்த வாசத்துலதான் நீங்க உக்காந்து மேப்புப் பார்த்துட்டு இருக்கறீங்க.

மாப்பிள்ளை: அங்கெல்லாம் எப்படிங்க மாமா... சேர்மானம் சரியிருக்காதுங்க.

மாமனார்: சரிங்க. இலவசம் எட்டாவது வரைக்கும்தானே? ஒம்பதாவதுக்கு என்ன பண்ணுவீங்க?

மாப்பிள்ளை: அதுக்கும் ரோசனை வெச்சிருக்கனுங்க. கவர்மென்ட் ஸ்கூல்ல போட்டுருவேன். அங்க படிக்கறவங்களுக்கு மெடிக்கல்ல 7.5 சதவீத ஒதுக்கீடு 2020-ல இருந்து இருக்குதுல்லங்க.

மாமனார்: ஆக, எல்கேஜிக்கு ஆகாத கவர்மென்ட் எம்பிபிஎஸ்ஸுக்கு ஆகும். அப்பச் சேர்மானம் சரியாயிருமுங்களா? அன்னைக்குக் கவர்மென்ட் ஸ்கூல் 1,110 மீட்டர்ல இருந்தா என்னங்க பண்ணுவீங்க? காக்கா புடிப்பீங்களா?

மாப்பிள்ளை: கிண்டல் பண்ணாதீங்க மாமா. எல்லாரும் பண்றதுதானே.

மாமனார்: அந்த லைன் ஊட்டுல பக்கத்து ரூம்ல ஆரு குடியிருக்கறாங்க?

மாப்பிள்ளை: நம்ம பட்டறைல லேத்து ஓட்டற பையந்தானுங்க. ரூம் காலியாருக்குதுன்னு சொன்னதே அவன்தான்.

மாமனார்: குழந்தை?

மாப்பிள்ளை: ஒரு பொண்ணுங்க. அதுக்கும் இந்த வருசந்தான் எல்கேஜி. அதே ஸ்கூலுக்குத்தான் போட்டிருக்கறான்.

மாமனார்: (எழுந்துகொள்கிறார்) மாப்ளே, இதுவரைக்கும் வெளையாட்டாப் பேசுனேன். பணக்காரன் கொழந்தையும் ஏழை கொழந்தையும் பக்கத்துல இருக்கற ஒரே பள்ளிக்கூடத்துல படிக்கோணும்னு 1966-லயே கோத்தாரி கமிஷன் எழுதிக் கொடுத்துச்சு. ஆரும் கேக்கலை. 2009-லதான் சட்டம் போட்டு, தனியார் பள்ளிக்கூடத்துல கால் பங்காச்சும் கொடுங்கடான்னாங்க. நாப்பது சீட்டு இருந்தாப் பத்து. அந்தப் பத்துலதான் நீங்க ஏசி கார்ல போயி இறங்கறீங்க! ஃபீஸ் கட்ட வக்கில்லாதவன் வரிசைல, ஃபீஸ மிச்சம் புடிக்கறவன் நிக்கறதுக்குப் பேரு சாமர்த்தியமுங்களா?

மாப்பிள்ளை: குலுக்கல் தானுங்க மாமா. அவன் பொண்ணுக்கும் விழுகலாமுல்ல.

மாமனார்: விழுகலாம். உங்க பேரு சீட்டுல இல்லாட்டி இன்னும் நல்லா விழுகும். அவனுக்கு அட்ரஸும் நெசம், ஏழ்மையும் நெசம். அவன் சம்பளம் எவ்வளவுன்னு சர்டிபிகேட் பார்த்துத் தெரிஞ்சுக்க வேண்டியதில்லை, கொடுக்கறதே நீங்கதான். குலுக்கலுக்கு முன்னாடி அப்ளிகேஷன வாபஸ் வாங்கீருங்க. பையன் ஃபீஸக் கட்ட உங்களுக்கு மனசு வரலீன்னா எதுத்தாப்லயே சேருங்க, தினமும் நான் கொண்டு போயி உடறேன்.