கத்திய இடமெல்லாம் கணையம்

ஐம்பதைத் தாண்டியவனுக்கு நம் ஊரில் தட்டுப்பாடில்லாமல் கிடைப்பது மருத்துவ ஆலோசனை ஒன்றுதான். தலைவலி என்றால் சுக்குப் பற்று, தைலம், நீராவி என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். கால் கட்டைவிரலை அமுக்கச் சொன்னவர் என் மைத்துனர் ஒருவர்தான். சிங்கப்பூர்வாசி. "வாங்க அத்தான், உடம்பே புதுசாயிடும்" என்று சைனாடவுன் பீப்பிள்ஸ் பார்க் வளாகத்துக்கு அழைத்துப் போனார். அங்கே கால் அமுக்கும் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை.

சாய்வு நாற்காலி, கால் நனைக்க வெந்நீர், எதிர்ச் சுவரில் இரண்டு பாதங்களின் படம். மனைப்பிரிவு வரைபடம் போலக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஒவ்வோர் உறுப்புக்கும் பட்டா கொடுத்திருந்தார்கள். கட்டைவிரலில் மூளை. மற்ற விரல்களின் அடியில் கண்ணும் காதும். அதற்குக் கீழே மேட்டில் நுரையீரல். உள்வளைவில் வயிறு, கணையம், சிறுநீரகம். இதயத்துக்கு இடது பாதம், கல்லீரலுக்கு வலது. இத்தனை பேருக்கு இடம் ஒதுக்கியவர்கள், வலிக்கிற பாதத்துக்கு எங்கே ஒதுக்கினார்கள் என்று தேடினேன், அகப்படவில்லை.

கடைக்காரப் பெரியவர் கட்டைவிரலால் ஓர் இடத்தில் அழுத்தினார். கத்தினேன். "ஸ்டமக்" என்றார். நகர்ந்து அழுத்தினார். மறுபடி கத்தினேன். "கணையம்" என்று மொழிபெயர்த்தார் மைத்துனர். மூன்றாவது கத்தலுக்குத் தூக்கம் சரியில்லை என்று தீர்ப்பு வந்தது. "ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் செல்போன். எப்படிங்க தூக்கம் வரும்?" என்றாள் கூட வந்திருந்த என் மனைவி. அவர் அமுக்கியது என் காலை. வாக்குமூலம் கொடுத்தது அவள்.

ரிஃப்ளெக்ஸாலஜி எனப்படும் இந்தக் கால் அமுக்கும் வித்தை சீனத்துப் பழம் வைத்தியம் என்றுதான் நினைத்திருந்தேன். விசாரித்தால் சுவரிலிருந்த படத்தின் பூர்வீகம் அமெரிக்கா. கனெக்டிகட்டில் காது, மூக்கு, தொண்டை மருத்துவராக இருந்த வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்ட், தலை முதல் கால் வரை உடம்பை நெடுக்குவாட்டில் 10 மண்டலங்களாகப் பிரித்தார். 1917இல் எட்வின் பவர்ஸுடன் சேர்ந்து புத்தகமும் போட்டார். அவருடைய கருவிகள் ரப்பர் பேண்டும் துணி கிளிப்பும். விரலில் மாட்டினால் வலி போகுமாம். நம் கொடியில் ஒரு மருத்துவமனையே தொங்கிக்கொண்டிருக்கிறது! பிறகு யூனிஸ் இங்காம் என்ற அம்மையார் எல்லாவற்றையும் பாதத்துக்கு இறக்கி, 1938இல் நூலாக்கினார். தைவானில் இதைப் பரப்பிய முக்கியமானவர், சுவிஸ் நாட்டுப் பாதிரியார் யோசஃப் ஆய்க்ஸ்டர். என் காலைப் பிடிக்க இத்தனை கண்டங்கள் பாடுபட்டிருக்கின்றன.

பலன்? ஆய்வாளர் எட்சார்ட் எர்ன்ஸ்ட் குழுவினர் 23 ஆய்வுகளை அலசி, எந்த நோயையும் இது தீர்க்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று 2011இல் எழுதினார்கள். ஆஸ்திரேலிய அரசு, தனியார் மருத்துவக் காப்பீட்டுச் சலுகையிலிருந்து ரிஃப்ளெக்ஸாலஜியை நீக்கியது. நீக்கிய நாள் 2019 ஏப்ரல் 1. தேதி குறித்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும்.

ஆனால் அன்றிரவு படுத்ததும் தூங்கிவிட்டேன். அதில் மர்மமில்லை. செல்போன் இல்லாமல் உட்காரவைத்து, வெந்நீரில் கால் நனைத்து, ஒருவர் பொறுமையாகப் பிடித்துவிட்டால் எந்த உடம்பும் இளகும். பிரிட்டனில் புற்றுநோயாளிகளுக்கு மருந்தோடு சேர்த்து, மன இறுக்கம் குறைய இதைத் தரும் இடங்கள் உண்டு. துணைச் சிகிச்சை என்பது அதுதான்: மருந்தோடு, மருந்துக்குப் பதிலாக அல்ல.

சர்க்கரையால் கால் மரத்தவர்களும், பாதத்தில் புண், காலில் ரத்தக்கட்டி உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் முதலில் டாக்டரைக் கேளுங்கள். மற்றவர்கள் தாராளமாகப் போய்க் காலை நீட்டுங்கள். கணையத்தைப் பற்றித் தெரிய வேண்டுமானால் மட்டும், கையை நீட்டி ரத்தம் கொடுங்கள்.